குழந்தையின் மாறுகண்ணுக்கு பைஃபோகல் கண்ணாடி: அனுபவமுள்ள பெற்றோர் உதவவும்

அனைவருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையம் அருகே வசிக்கிறோம். தூரப்பார்வைக் குறைபாட்டுக்கான (பிளஸ் பவர்) கண்ணாடி அணிந்த பிறகு எங்கள் 5 வயது மகளுக்குத் தொலைவில் பார்க்கும்போது கண்கள் நேராக நிற்கின்றன. ஆனால், புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் இடது கண் மூக்கை நோக்கித் திரும்பிவிடுகிறது.

கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாகக் காண எடுக்கும் முயற்சியே கண்களை அளவுக்கு மீறி உள்ளே இழுப்பதால், அம்முயற்சியைக் குறைக்க, கீழ்ப்பகுதியில் பிளஸ் 2.50 கூடுதல் பவர் கொண்ட பைஃபோகலை மருத்துவர் எழுதிக் கொடுத்து, மேல், கீழ் பவர்களைப் பிரிக்கும் அதன் கோடு கண்பாவையின் நடுவே வர வேண்டும் என்றும் வலியுறுத்தினார். கடைக்காரரோ பெரியவர்களுக்குச் செய்வதுபோலக் கோட்டைத் தாழ்த்திவிட்டார் (பார்வைக்கு அழகாக இருக்குமாம்!). மகள் மேற்பகுதி வழியாகவே படிக்கிறாள். கண்ணும் முன்போலவே திரும்புகிறது.

ஈரோடு, கோவைப் பகுதியில் இந்த அளவைச் சரியாகப் பொருத்தித் தருபவர்கள் யார்? பிரேம் மூக்கிலிருந்து நழுவாமலிருக்க என்ன செய்தீர்கள்? கீழ்ப்பவரை எந்த வயதிலிருந்து மருத்துவர் குறைக்கத் தொடங்கினார் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.