அக்சஸிலிருந்து அஸ்யூருக்கு: பாமினி எழுத்துருக் குறிப்புகளைப் பிரிப்பது எப்படி?

வணக்கம். தொண்டி முதல் மண்டபம் வரை படகுத் தளங்களுக்காக எடுத்த மண் ஆய்வுத் துளைப் பதிவுகள் எல்லாம் ஒரே மைக்ரோசாஃப்ட் அக்சஸ் தரவுத்தளக் கோப்பில் உள்ளன. கோப்பு 2 ஜிபி உச்சவரம்பை நெருங்குவதால் மேகத் தரவுத்தளமான அஸ்யூர் எஸ்க்யூஎல்லுக்கு மாற்றுகிறோம். எஸ்எஸ்எம்ஏ என்ற இடமாற்றக் கருவியில் சோதனை ஓட்டம் முடிந்தது.

ஆண்டு 0201 என்று தட்டச்சான தேதிகள் டேட்டைம் வகையில் ஏறவில்லை, அது 1753இல்தான் தொடங்குகிறது. டேட்டைம்2 ஆக்கியதும் ஏறின (பிழை திருந்தாது, ஏறும், அவ்வளவுதான்). ஆம்/இல்லை புலங்களில் 'நல்' (வெற்று மதிப்பு) இருந்தால், இணைத்த அட்டவணையில் திருத்தும்போது 'ரைட் கான்ஃப்ளிக்ட்' (வேறொருவர் வரியை மாற்றிவிட்டார் என்ற பிழை) வரும். இயல்பு மதிப்பு 0 கொடுத்து, வரி மாறியதைக் காட்டும் ரோவெர்ஷன் நெடுவரிசையும் சேர்த்தோம். எஸ்பிடி எண் (மண்ணில் குழாயை இறக்கத் தேவைப்பட்ட சுத்தியல் அடிகள்) இருக்க வேண்டிய இடத்தில், பாறை தட்டிய ஆழங்களில் 'ரெஃப்யூசல்' (மேலும் இறங்கவில்லை) என்று எழுதியிருக்கிறார்கள். அதைச் சுத்தியல் அடிகளின் எண்ணிக்கை, இறங்கிய செ.மீ. என இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

சிக்கல் மண் விவரக் குறிப்பில். ஒரே நெடுவரிசையில் சில வரிகள் பாமினி (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு), சில ஆங்கிலம். பாமினியும் ஆங்கில எழுத்துக் குறியீடுகளையே பயன்படுத்துவதால் மொத்தமாக யூனிகோடாக்கினால் ஆங்கில வரிகள் குதறிப்போகின்றன. பாமினியில் மெய்யின் புள்ளி அரைப்புள்ளியாக விழும் என்பதை வைத்து வடிகட்டினோம். ஆங்கிலத்திலும் அரைப்புள்ளி போட்டவர்கள் இருக்கிறார்களே! 'சேன்ட்', 'கிளே', 'ஷெல்' போன்ற சொற்பட்டியலால் பிரிப்பது நம்பகமா? பைத்தானில் வேறு வழி உண்டா?

இன்னொன்று: தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் இல்லாமல் பதிந்து பிறகு சேர்க்க, தானாக ஏறும் ஆட்டோநம்பருக்குப் பதில் கைட் (எந்தக் கருவியில் உருவாக்கினாலும் மோதாத தனி அடையாளம்) சாவி போதுமா? செய்தவர்கள் சொல்லுங்கள், மாதிரி வரிகள் தருகிறோம்.