சொல் தெரியுது, பேசும்போது வாயில் வரமாட்டேங்குது. எப்படிப் பழகுவது?

செந்தில்_மஞ்சக்குப்பம்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் கடலூர். தினமும் பஸ்ஸில் புதுச்சேரி போய் வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றில் புகார் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், ஃபேன் எல்லாவற்றுக்கும் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு எழுதி மெக்கானிக்குக்கு அனுப்ப வேண்டும். பேசும்போது “அது வந்து”, “அந்த மாதிரி” என்று இழுக்கிறேன். எதைச் சொன்னாலும் கடைசியில் “பண்ணு”தான் வருகிறது. நான் எழுதும் புகாரை வைத்துக்கொண்டு போகிற மெக்கானிக், சரியான பாகம் கையில் இல்லாமல் திரும்பி வருகிறார். படிக்கும்போது எல்லாச் சொல்லும் புரிகிறது, பேசும்போதுதான் வருவதில்லை. அகராதியை வரிசையாகப் படித்தால் சரியாகுமா? ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்கலாம்? அரை மணி நேரம்தான் கிடைக்கும்.

முத்தியால்பேட்டை_வாத்தியார்:
தம்பி, அகராதியை ‘அ’விலிருந்து படிக்க வேண்டாம். பத்து நாளில் ‘அக’வைத் தாண்டமாட்டீர்கள், ஒரு சொல்லும் வாய்க்கு வராது. புரிகிற சொல் வேறு, புழங்குகிற சொல் வேறு. புரிகிற சொல் உங்களிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதிலிருந்து உங்கள் கவுண்டருக்கு வேண்டிய நூறைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தால் போதும். அந்த நூறும் பெரும்பாலும் வினைச்சொல்லாக இருக்கட்டும். பொருளின் பெயர் தெரியாவிட்டால் விரலால் காட்டலாம். என்ன நடக்கிறது என்பதை விரலால் காட்ட முடியாது.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். “பிரிட்ஜில் தண்ணி லீக் ஆகுது” என்று எழுதினால் மெக்கானிக்குக்கு ஒன்றும் தெரியாது. தமிழில் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள்: வியர்க்குது, கசியுது, சொட்டுது, ஒழுகுது, வழியுது, தேங்குது. கதவின் வெளிப்பக்கம் வியர்த்தால் கடலோரத்து ஈரக்காற்றே காரணமாக இருக்கலாம், அல்லது கதவு ரப்பர் தளர்ந்திருக்கும். உள்ளே காய்கறித் தட்டுக்குக் கீழே தேங்கினால் தண்ணீர் வடிகிற துளை அடைத்திருக்கும். பின்பக்கம் தரையில் வழிந்தால் அடியில் இருக்கும் தட்டு நகர்ந்திருக்கும், இல்லையென்றால் விரிசல் விட்டிருக்கும். மூன்றும் தனித்தனி வேலை, வேண்டிய பொருளும் வேறு வேறு. ஆனால் “லீக்” மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

சத்தமும் அப்படித்தான். “சத்தம் வருது” என்று எழுதாமல், எப்படிப்பட்ட சத்தம் என்று கேளுங்கள். நம் மொழியில் இரட்டைக்கிளவிக்கா பஞ்சம்! துணி பிழியும்போது தடதடவென்று ஆடினால் துணி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், அல்லது மெஷினின் கால்கள் சமமாக நிற்கவில்லை. ஃபேன் சுற்றாமல் ‘உம்’மென்று இரைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெபாசிட்டரை. கிரைண்டரில் மோட்டார் இரைகிறது, கல் சுற்றவில்லை என்றால் பெல்ட். இந்தச் சொல்லெல்லாம் வாடிக்கையாளர் வாயிலேயே இருக்கிறது. “தடதடன்னு ஆடுதுங்க” என்று அவர் சரியாகத்தான் சொல்கிறார். நாம்தான் அதை “சவுண்ட் ப்ராப்ளம்” என்று மாற்றி எழுதிவிடுகிறோம்.

அடுத்தது “பண்ணு”. இதை அடியோடு விடச் சொல்லவில்லை. “போன் பண்றேன்” எல்லாருக்கும் புரியும், இருக்கட்டும். குழப்பம் தருவதை மட்டும் மாற்றுங்கள். அதில் முதலில் நிற்பது “அட்ஜஸ்ட் பண்ணு”. பணத்துக்குச் சொன்னால் கழித்துக்கொள்வது, தேதிக்குச் சொன்னால் தள்ளிவைப்பது, பெல்ட்டுக்குச் சொன்னால் இறுக்குவது அல்லது தளர்த்துவது, ஆட்களுக்குச் சொன்னால் அனுசரித்துப் போவது. “அட்வான்ஸை அட்ஜஸ்ட் பண்ணிடுறோம்” என்றால் பணம் கைக்குத் திரும்பும் என்று ஒருவர் எடுத்துக்கொள்வார், பில்லில் கழியும் என்று இன்னொருவர் எடுத்துக்கொள்வார். சண்டை அங்கேதான் தொடங்குகிறது. “பில்லுல கழிச்சுக்கிறோம்” என்று சொன்னால் பேச்சே முடிந்தது. “செக் பண்ணு” என்பதையும் இப்படியே பிரித்துப் பாருங்கள்: எண்ணிப் பார்க்கிறோமா, ஒத்துப் பார்க்கிறோமா, ஓட்டிப் பார்க்கிறோமா, விசாரிக்கிறோமா?

வில்லியனூர்_மீரா:
சொல் ஒரு பக்கம், வாக்கியம் இன்னொரு பக்கம். தமிழ்ல வினைமுற்று கடைசியில வரும். அதனால நீங்க இழுக்க இழுக்க, கேட்கிறவர் விஷயம் தெரியாமலே காத்திருக்கார். “அது வந்துங்க, மெக்கானிக் பார்த்துட்டு, பெல்ட் இல்லாததால கம்பெனிக்குச் சொல்லி, அவங்க அனுப்பி, அது வந்து சேர்ந்து...” இத்தனை எச்சம் அடுக்கினா உங்களுக்கே முடிவு மறந்துபோகும். அந்த இடத்துலதான் “அது வந்து” நுழையுது.

முடிவை முதல் வாக்கியமா முழுசா சொல்லி முடிச்சிருங்க: “கிரைண்டர் வியாழக்கிழமை ரெடியாயிடுங்க.” அப்புறம் காரணம்: “பெல்ட் புதன்கிழமைதான் வருது.” ஒரு வாக்கியத்துல ரெண்டு எச்சத்துக்கு மேல வேண்டாம்.

“சரிங்க”ங்கிற பதிலை நம்பிடாதீங்க. நம்ம ஊர்ல “சரி”ன்னா ஒத்துக்கிட்டேன்னும் அர்த்தம், காதுல விழுந்துச்சுன்னும் அர்த்தம். “பார்க்கலாம்ங்க” பெரும்பாலும் மரியாதையான மறுப்பு. அதனால “நாளைக்கு ஆள் அனுப்பட்டுமா?”ன்னு கேட்காம, “நாளைக்கு எத்தனை மணிக்கு வீட்டுல இருப்பீங்க?”ன்னு கேளுங்க. மணி சொன்னா அவர் மனசு வெச்சுக் கேட்டிருக்கார்னு அர்த்தம். கடைசியா புகாரை அவர் சொன்ன வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்க: “பிழியும்போது மட்டும் தடதடன்னு ஆடுது, துவைக்கும்போது இல்லை. சரிதானுங்களா?” பத்து வினாடி வேலை.

இழுவைக்கு: நாலு புகாரை நீங்களே விளக்கிச் சொல்ற மாதிரி செல்போன்ல 2 நிமிஷம் பதிவு பண்ணிக் கேளுங்க (வாடிக்கையாளர் பேச்சை அவருக்குத் தெரியாமப் பதியாதீங்க). எத்தனை “அது வந்து”ன்னு எண்ணுங்க. அதுக்குப் பதிலா வேற சொல் தேடாதீங்க, உதட்டை மூடி ஒரு வினாடி நிறுத்துங்க. ஒரு சொல்லை விரட்டினா அந்த இடத்துல “ஆக்சுவலி” வந்து உட்காரும், அதான் சிக்கல்.

செந்தில்_மஞ்சக்குப்பம்:
ரொம்ப நன்றி வாத்தியார் ஐயா, மீரா அக்கா. ஒரு சந்தேகம். புதிதாகப் படித்த சொல்லைச் சொன்னால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது. “தற்போது இயலாதுங்க” என்று சொன்னால் எதிரில் நிற்பவர் முகம் மாறுகிறது.

லாஸ்பேட்டை_நூலகன்:
முகம் மாறத்தான் செய்யும். ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்கான களம் உண்டு. ‘இயலாது’ கடிதத்துக்கு உரியது, கவுண்டரில் “முடியாதுங்க” போதும். அதற்காக எழுத்துச் சொல் எல்லாமே பேச்சில் ஒட்டாது என்றில்லை. ‘ஒத்திவை’ என்பதை “ஒத்திவெச்சிருக்கோம்” என்று சொல்லிப் பாருங்கள், இயல்பாக உட்காரும். புதுச் சொல் எதுவானாலும் ‘றோம்’, ‘ச்சு’, ‘ங்க’ என்று பேச்சு விகுதி சேர்த்து மூன்று தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கினால் அதை எழுத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

அகராதி வேண்டுமென்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். 1992-இல் முதல் பதிப்பு, 2008-இலும் 2020-இலும் விரிந்த பதிப்புகள். பேச்சு வழக்கு, உயர் வழக்கு, வட்டார வழக்கு என்று குறிப்பு இருக்கும், எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த வாக்கியம்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதி) பெரும் புதையல். பழைய இலக்கியம் படிக்கும்போது அதை விட்டால் வழியில்லை. ஆனால் கவுண்டர் பேச்சுக்கு அதில் தேடினால் திசை தவறிப் போவீர்கள். வீட்டுக்கு வாங்க முடியாவிட்டால் நூலகத்தின் பார்வைப் பகுதியில் கேளுங்கள். கடலூரில் மாவட்ட மைய நூலகம், புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்டு நூலகம் இரண்டும் உங்கள் வழியிலேயே இருக்கின்றன.

வாடிக்கையாளரின் சொல்லைத் திருத்தாதீர்கள். ஒருவர் “ஐஸ் பெட்டி” என்றால் நீங்களும் ஐஸ் பெட்டி என்றே பேசுங்கள். புதுச்சேரியில் பெரியவர் ஒருவர் தன்னை “சொல்தா” என்று சொல்லிக்கொண்டால், பிரெஞ்சுப் படையில் இருந்தவர் என்று புரிந்துகொள்ளுங்கள். அந்தச் சொல் இந்த ஊரின் சொத்து.

நெல்லிக்குப்பம்_குமரன்:
அரை மணி நேரக் கணக்கு இது. வாரம் 5 வினை, அதற்கு மேல் வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டு. இடப்பக்கம் சொல்லை எழுதாதீர்கள், நிலைமையை எழுதுங்கள்: “அட்வான்ஸ் பில்லில் குறையும், எப்படிச் சொல்வது?” வலப்பக்கம் முழு வாக்கியம். வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு பதிலை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். சொல்லும் பொருளும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் கண்தான் பழகும், வாய் பழகாது.

எழுதிய மறுநாள், பிறகு 3, 7, 14, 30-ஆம் நாள் பாருங்கள். தவறினால் அந்தச் சொல்லுக்கு மட்டும் மறுபடி முதலிலிருந்து. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், மறுபடி மறுபடி படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். படித்தவுடன் “வந்துவிட்டது” என்று தோன்றுவதை நம்ப முடியாததற்கு அதுதான் காரணம். மறைத்துப் பார்க்கிற வேலையைப் பஸ்ஸிலேயே முடிக்கலாம். வாய்விட்டுச் சொல்வதை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தில்_மஞ்சக்குப்பம்:
நோட்டு இன்றைக்கே வாங்கிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: புகார்ச் சீட்டில் “வியர்க்குது” என்று எழுதலாமா?

முத்தியால்பேட்டை_வாத்தியார்:
தாராளமாக எழுதலாம். எந்த இடம் என்பதையும் எது இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: “கதவு ஓரம் வெளியே வியர்க்குது. காய்கறித் தட்டின் கீழே தண்ணி இல்லை. தரையிலும் இல்லை.” அந்த இரண்டு ‘இல்லை’யைப் பார்த்ததும் மெக்கானிக் துளை குத்துகிற கம்பியை வைத்துவிட்டு கதவு ரப்பரை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.