மாதக் கடைசியில் தவழும் டேட்டாபேஸ்: ஹோஸ்டைப் பகிரலாமா, கூடாதா?

கொட்டாஞ்சேனை_டீபிஏ:
கோட்டையில் எங்கள் அலுவலகத்தில் 32 கோர் ஹோஸ்ட் (பல வீஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள், பகிரும் சேர்வர்) ஒன்றில் 128 விசிபியு (மெய்நிகர் சிபியு) பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஈபிஎஃப், ஈடிஎஃப் (ஊழியர் சேமநிதி, நம்பிக்கை நிதி) கணக்கு ஓடும் நேரம் சம்பள டேட்டாபேஸ் தவழ்கிறது. அந்த வீஎம்மின் 8 விசிபியுவை 16 ஆக்கித் தந்தார்கள், இன்னும் மோசம். தனி சேர்வர் கேட்டால், "சிபியு பாவனை 40 சதவீதம்தானே" என்று கிராஃபைக் காட்டுகிறார்கள்.

வெள்ளவத்தை_அட்மின்:
அண்ணை, ஒரு கோருக்கு நான்கு விசிபியு பாவமில்லை. பெரும்பாலான வீஎம்கள் நாள் முழுக்கச் சும்மா கிடப்பவை. பாவனை கிராஃபை விடுங்கள், சிபியு ரெடியைப் பாருங்கள். வீஎம் ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் வரிசையில் நின்ற நேரம் அது. விசென்டர் (வீஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) ரியல்டைம் கிராஃபில் ஒரு புள்ளி 20 செக்கன். அதில் ரெடி 1000 மில்லிசெக்கன் என்றால் 5 சதவீதம். வீஎம்மின் மொத்தத்தை விசிபியு எண்ணிக்கையால் பிரிக்க மறக்காதீர்கள். 16 ஆக்கியதுதான் வினை. ஒரு விசிபியு மிகவும் பின்தங்கினால், முன்னால் போனவற்றை ஹைப்பர்வைசர் (ஹோஸ்டை வீஎம்களுக்குப் பங்கிடும் மென்பொருள்) நிறுத்தி வைக்கும். 8க்கே திரும்புங்கள்.

கொட்டாஞ்சேனை_டீபிஏ:
சிபியு சரி. மெமரி? போன மாதம் சம்பளம் ஓடிய அதே மணித்தியாலத்தில் பலூன் ஏறியிருக்கிறது. ஹோஸ்டில் மெமரி போதாமல் போனதும் எங்கள் வீஎம்முக்குள் இருக்கும் பலூன் டிரைவர் ஊதிப் பெருத்து மெமரியைப் பிடுங்குகிறது. கேஷ் (மெமரியில் கைவசம் வைத்திருக்கும் டேட்டா) சுருங்க, எல்லாவற்றையும் திரும்ப டிஸ்கில் தேட வேண்டியிருக்கிறது. யாரோ 2022இல் போட்டுவிட்டு மறந்த டெஸ்ட் வீஎம்களுக்காக நாங்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

மட்டக்குளி_நெட்வேர்க்:
பலூன் டிரைவரைக் கழற்றி எறியுங்கள், முடிந்தது கதை.

வெள்ளவத்தை_அட்மின்:
ஐயோ, வேண்டாம். அது இல்லாவிட்டால் உள்ளே எது முக்கியம் என்று தெரியாமலே ஹோஸ்ட் ஸ்வொப் செய்ய (மெமரியில் இருப்பதை டிஸ்கில் தள்ள) தொடங்கும். அந்த வீஎம்முக்கு மட்டும் மெமரி முழுவதையும் ரிசர்வ் செய்யுங்கள். பலூன் கிட்ட வராது.

கொட்டாஞ்சேனை_டீபிஏ:
தம்பி, முழுக்க ரிசர்வ் என்றால் நான் கேட்ட தனி சேர்வரைத்தானே வேறு பெயரில் தருகிறீர்?

வெள்ளவத்தை_அட்மின்:
மெமரியில் கிட்டத்தட்ட அப்படித்தான். சிபியு வேறு, ரிசர்வ் செய்திருந்தாலும் நீங்கள் பாவிக்காத நேரம் மற்ற வீஎம்கள் எடுத்துக்கொள்ளும். அப்புறம், தனி சேர்வர் விழுந்தால் சம்பளமும் விழும். கிளஸ்டரில் (ஹோஸ்ட்களின் கூட்டத்தில்) ஹெச்ஏ (ஹை அவெய்லபிலிட்டி) போட்டிருந்தால் வீஎம் இன்னொரு ஹோஸ்டில் தானாக எழும்பும். புது ஹோஸ்ட் வாங்கலாம் என்றால், 2023 நவம்பரில் பிரொட்கொம் நிறுவனம் இந்த ஹைப்பர்வைசரைச் செய்யும் விஎம்வெயாரை வாங்கிய பிறகு லைசன்ஸ் கோர் கணக்கில், சிபியு ஒன்றுக்குக் குறைந்தது 16 கோருக்குக் கட்ட வேண்டும். அதுவும் டொலரில். யார் கையெழுத்து வைப்பது?

கொட்டாஞ்சேனை_டீபிஏ:
கையெழுத்து என் தலைவலி இல்லை. 8 விசிபியு, முழு ரிசர்வ், இந்த மாதம் வைத்துப் பார்க்கிறேன். சம்பளம் ஓடும் 25ஆம் திகதி சிபியு ரெடி 5 சதவீதத்தைத் தாண்டினால் தனி சேர்வர் கோரிக்கை திரும்பப் போகும், அந்த டெஸ்ட் வீஎம்களின் பட்டியலோடு.