ஊரிலிருந்து அம்மா அப்பா வரேக்க இன்சுலினை எப்படிக் கொண்டுவாறது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து பெற்றோரைக் கூப்பிடுற ஆக்கள் முதல் கேட்கிறது, "எயார்போட்டில மருந்தைப் பறிப்பினமோ?" என்றுதான். வழக்கமாப் பறிக்க மாட்டினம். 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு தேவையான மருந்துக்கு இல்லை. பையைச் சோதிக்கிற எக்ஸ்ரேயாலும் இன்சுலின் கெடாது. அது கெடுகிறது அதுக்கு முதலே, ஏ9 வீதியில ஓடுற வானுக்குள்ள.

வீட்டில ஈரமணல் முட்டிக்குள்ள பத்திரமா இருந்த போத்தில், வெயிலில நிற்பாட்டின வானில ஒரு மணித்தியாலம் கிடந்தாலே பழுதாகலாம். உடைக்காத போத்திலுக்கு 2 முதல் 8 பாகை, பாவனையில இருக்கிறதுக்கு 30 பாகைக்குள்ள இருக்கவேணும். வாயகன்ற பிளாஸ்கைக் குளிர்தண்ணியால அலசி ஊத்திப்போட்டு, துணியில சுத்தின போத்திலை உள்ள வையுங்கோ. ஐஸ் பை வைத்தால் அது மருந்தில முட்டக்கூடாது, உறைஞ்ச இன்சுலின் திரும்ப உதவாது.

அதாலதான் ஏத்திவிடுற பெட்டிக்குள்ள ஒரு போத்தில்கூடப் போடாதேங்கோ. அங்க உறையலாம், பெட்டி ட்ரான்சிட்டில தவறவும் கூடும். கலங்கலா இருக்கிற 30/70 கலவை இன்சுலினை உள்ளங்கையில பத்துத்தரம் மெதுவா உருட்டுங்கோ. பிறகும் கட்டிகள் மிதந்தால், கண்ணாடியில பனி படிஞ்ச மாதிரித் தெரிஞ்சால் எறியுங்கோ. தெளிவா இருக்கவேண்டிய மருந்து கலங்கினாலும் அப்படித்தான்.

கிளினிக் கொப்பி மட்டும் போதாது. டொக்டரிட்ட ஆங்கிலத்தில, கடிதத்தலைப்போட கடிதம் எடுங்கோ. எங்கட பக்கம் கொப்பியில முதலெழுத்தும் பெயரும்தான் இருக்கும், பாஸ்போட்டில முழுப்பெயர் நீளமா இருக்கும்; கடிதத்தில பாஸ்போட் பெயர்தான் வரவேணும். மருந்தின் பொதுப்பெயர், வேளைக்கு எத்தனை யுனிற், ஊசியும் சிரிஞ்சும் கையில கொண்டுபோகவேணும் என்ற வரி, மூன்றும் இருக்கட்டும். பிரித்தானியாவில மிக்ஸ்ராட் 30 என்ற பெயரில வித்த இந்த 30/70 மருந்து 2010 முடிவோட நிறுத்தப்பட்டது. கடிதத்தில பைபாசிக் ஹியூமன் இன்சுலின் 30/70 என்றிருந்தால் அங்கத்தை டொக்டர் ஈடான மருந்து எழுத லேசு.

அளவு: காலமை 26, பின்னேரம் 14 என்றால் நாளுக்கு 40 யுனிற். 10 மில்லிலீற்றர் போத்திலில 1000 யுனிற், அதாவது 25 நாள். மூன்று மாதத்துக்கு நாலு போத்தில் வரும். இரண்டு கூட எடுங்கோ. சிரிஞ்ச் ஒரு மில்லிலீற்றருக்கு 100 யுனிற் என்று கோடு போட்டதுதான், செம்மஞ்சள் மூடி. சென்னையில இறங்கி வாங்கினால் கவனம்: அங்க மில்லிலீற்றருக்கு 40 யுனிற் என்று கோடு போட்ட சிரிஞ்ச், சிவப்பு மூடி, இன்னும் புழக்கத்தில இருக்கு. அதில 20 கோடு வரைக்கும் எங்கட மருந்தை இழுத்தால் உடம்புக்குள்ள போறது 50 யுனிற். உயிருக்கே ஆபத்து.

சோதனையில, பையை பெல்டில வைக்க முதலே "இன்சுலின்" என்று சொல்லி மருந்துப்பையைத் தனியா எடுத்து வைக்கச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு ஆங்கிலம் வராட்டி அந்தக் கடிதத்தை மேல வைத்தால் போதும். ட்ரான்சிட்டில திரும்பவும் சோதிப்பினம். கையில சீனி அளக்கிற சென்சர் ஒட்டியிருந்தால் உடம்பை ஸ்கான் பண்ணுற கூண்டுக்குள்ள போகாமல், கையால சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பிளேனில சாப்பாடு கைக்கு வந்தாப் பிறகுதான் ஊசி. முதலே போட்டு, தட்டு வரப் பிந்தினால் சீனி இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை வந்தால் நாலு தேக்கரண்டி சீனி, அல்லது 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிசத்தில திரும்பச் சோதிக்கவேணும். சொக்லேற்றில கொழுப்பு இருக்கு, ஏத்தச் சுணங்கும். சீனிப் பைக்கற்றை அவையின்ர சட்டைப்பையிலேயே வையுங்கோ, மேல ராக்கையில வேண்டாம். பிளேனுக்குள்ள மருந்து இழுக்க முதல் சிரிஞ்சால போத்திலுக்குக் காத்து அடிக்கிறதைத் தவிர்க்கிறது நல்லது.

மேற்கால போகேக்க நாள் நீளும். ரொறன்ரோ கோடையில எங்கட நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால. மணிக்கூட்டை இலங்கை நேரத்திலேயே விட்டு, நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா சீனி பார்க்கவேணும். இறங்கினாப் பிறகு அங்கத்தை நேரத்துக்கு மாத்துங்கோ. இடையில எத்தனை யுனிற் போடுறது என்றதை டொக்டரிட்டக் கேட்டு, எண்ணோட தமிழில ஒரு கடுதாசியில எழுதி மருந்துப்பைக்குள்ளேயே வைத்துவிடுங்கோ.