“இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்” என்ற குறுஞ்செய்தி: இனி என்ன செய்வது?

கேள்வி: குடந்தைவாசி

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் என் தந்தையாருக்கு நேற்று மாலை ஒரு பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. சென்ற மாத மின் கட்டணம் கணக்கில் ஏறாததால் இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின் அதிகாரியை அழைக்கவும் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கட்டணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டவர்தான் என்றாலும், பதற்றத்தில் அந்த எண்ணை அழைத்துவிட்டார். எதிர்முனையில் பேசியவர் எனிடெஸ்க் செயலியை நிறுவச் சொல்லி, அதில் தோன்றிய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கணக்கைப் புதுப்பிக்கப் பத்து ரூபாய் மட்டும் செலுத்தச் சொல்லியிருக்கிறார். டெபிட் கார்டைத் தேடும்போது பக்கத்து வீட்டுக்காரர் தடுத்ததால், அப்பா கைப்பேசியை அணைத்து வைத்திருக்கிறார். அதை மறுபடி இயக்கலாமா? இப்படிப்பட்ட செய்திகளை அவர் தாமாகவே இனங்காண எதைச் சொல்லிக்கொடுப்பது?

மறுமொழி: வங்கிப்பணியாளர்

இயக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து டெபிட் கார்டையும் யூபிஐ, நெட் பேங்கிங் சேவைகளையும் தற்காலிகமாக முடக்கிவிடுங்கள். வங்கியின் எண்ணை கூகுளில் தேட வேண்டாம், கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதையே பயன்படுத்துங்கள். தேடலில் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களிலும் போலிகள் உண்டு. பிறகு வீட்டில் வைஃபை இருந்தால் அதை நிறுத்திவிட்டு, கைப்பேசியை இயக்கியவுடன் மொபைல் டேட்டாவையும் அணைத்து, அந்தச் செயலியை நீக்குங்கள்.

எனிடெஸ்க் அதனளவில் தீங்கான செயலி அன்று. அலுவலகங்களில் கணினி பழுது பார்ப்பவர்கள் அன்றாடம் பயன்படுத்துவதுதான். ஆனால் அதில் தோன்றும் எண்ணைக் கொடுத்து, திரையில் கேட்கும் அனுமதியையும் அளித்துவிட்டால், உங்கள் திரையில் தெரிவதெல்லாம் மறுமுனையில் இருப்பவருக்கும் தெரியும். பத்து ரூபாய் கேட்பதன் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது அந்தப் பத்து ரூபாய் அன்று. அதைச் செலுத்தும்போது நீங்கள் தட்டும் கார்டு எண்ணும், அடுத்து வந்து விழும் ஓடிபியும்தான். உங்கள் தந்தையார் கார்டை எடுக்கும் முன்பே நிறுத்தியிருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். இருப்பினும், பேச்சினிடையே வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோர் வழியாக அல்லாமல் நேரடியாகச் செயலியை நிறுவும் கோப்பு) ஏதேனும் அனுப்பி நிறுவச் சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி நிறுவியிருந்தால், வரும் குறுஞ்செய்திகளை வெளியே அனுப்பும் நிரல் அதில் ஒளிந்திருக்கலாம் என்பதால், சான்றுகளைப் படமெடுத்துக்கொண்டபின் கைப்பேசியை முழுமையாக ரீசெட் செய்வதே நல்லது.

மறுமொழி: ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர்

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மோசடி என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நம்பிப் பயனில்லை, இப்போதெல்லாம் பிழையற்ற தமிழிலேயே இத்தகைய செய்திகள் வருகின்றன. அதைவிட, மின்வாரியம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை உங்கள் தந்தையாருக்கு நினைவூட்டுங்கள். அவருக்குத் தெரிந்த விஷயம்தான் அது.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. ஆகவே “சென்ற மாதக் கட்டணம்” என்ற பேச்சே இங்கே பொருந்தாது. மாதாமாதம் பில் போடும் மாநிலங்களையும் சேர்த்து மொத்தமாக அனுப்பப்படும் வாசகம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே வெளிப்படுகிறது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து கட்டணம் செலுத்த 20 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகும் கட்டவில்லையென்றால், பகல் வேளையில் ஊழியர் வந்து மீட்டர் அருகிலுள்ள பீஸ் கேரியரை (ஃபியூஸ் கட்டையை)ப் பிடுங்கிக்கொண்டு போவார். இரவு ஒன்பதரை மணிக்கு ஏணியோடு யாரும் வருவதில்லை. துண்டிப்பதற்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவே கூறுகிறது.

இன்னொன்று: உண்மையான கட்டணச் செய்தியில் உங்கள் மின் இணைப்பு எண்ணும் தொகையும் இருக்கும். மோசடிக்காரரிடம் பெரும்பாலும் உங்கள் கைப்பேசி எண் மட்டுமே இருக்கும் என்பதால் “அன்பார்ந்த நுகர்வோரே” என்று பொதுவாகத்தான் எழுதுவார். ஐயம் வந்தால் செய்தியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ஐ அழைத்து இணைப்பு எண்ணைச் சொல்லிக் கேட்கட்டும். மின்னகம் எண்ணை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மறுமொழி: தொலைத்தொடர்பாளர்

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். அனுப்புநரைப் பார்ப்பதும் உதவும். வங்கியும் அரசு அலுவலகமும் பதிவு பெற்ற பெயர்ச்சுருக்கத்திலிருந்தே குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. 2025 முதல் அந்தப் பெயரின் இறுதியில், அரசுச் செய்தி என்றால் ‘ஜி’, விளம்பரம் என்றால் ‘பி’ என ஓர் ஆங்கில எழுத்தும் சேர்க்கப்படுகிறது. எனவே, துண்டிப்பு எச்சரிக்கை சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்தால் அப்போதே ஒதுக்கிவிடலாம். ஆனால் பெயர்ச்சுருக்கத்தில் வந்த காரணத்தாலேயே ஒரு செய்தியை நம்பிவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் இந்த ஏற்பாடே கிடையாது. மின்வாரியச் சின்னத்தை முகப்புப் படமாக வைத்துக்கொள்ள யாராலும் முடியும்.

கேள்வியாளர்: குடந்தைவாசி

மிக்க நன்றி. கார்டும் யூபிஐயும் முடக்கப்பட்டுவிட்டன. ஏபிகே எதுவும் வரவில்லை என்கிறார். பணம் போகாத நிலையில் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டுமா?

மறுமொழி: வங்கிப்பணியாளர்

1930 பணத்தை இழந்தவர்களுக்கானது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படும் முன் அதை நிறுத்திவைக்க முயல்வதே அதன் பணி என்பதால், அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 சூலைச் சுற்றறிக்கைப்படி, ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சேரும். தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே கணக்கில் ஒரு ரூபாய் குறைந்திருந்தாலும் 1930-க்கும் வங்கிக்கும் உடனே சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பணம் போகாததால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளையும் செய்திகளையும் புகாரளிப்பதற்கான சக்ஷு பகுதியில், செய்தி வந்த எண்ணையும் செய்தியின் படத்தையும் பதிவு செய்தால் போதும். செய்தி வந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். அதுவரை அப்பா அதை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.