மார்கழிக்குத் திண்ணையை அலங்கரிக்க வேண்டும், பரணில் கிடந்த பழைய பாத்திரமும் பச்சையும் போதுமா?

ஓட்டுவீட்டுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீடு எங்களுடையது. வடக்குப் பார்த்த வாசல், இரண்டு பக்கமும் சிவப்பு சிமெண்ட் திண்ணை, நடுவில் இரண்டு மரத்தூண். பன்னிரண்டு வருஷம் பெங்களூரில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டிலிருந்தே வேலை என்று அம்மாவிடம் வந்து சேர்ந்திருக்கிறேன். மார்கழி பிறப்பதற்குள் திண்ணையை ஒழுங்கு பண்ணி, பொங்கல் வரைக்கும் பார்க்க நன்றாக இருக்கிற மாதிரி ஏதாவது செய்ய ஆசை.

வெளிநாட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் வாசலில் பைன் இலை மாலை, பழைய பால் கேன், லாந்தர், சறுக்குவண்டி எல்லாம் வைத்து அடுக்கியிருக்கும் படங்களைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. இங்கே பைனுக்கு எங்கே போக? ஆனால் பரணில் ஏறிப் பார்த்தால் ஒரு பித்தளை அண்டா, இரண்டு தவலை, செப்புக் குடம் ஒன்று, மரக்கால், கண்ணாடி உடையாத அரிக்கேன் விளக்கு, பின்னால் தொழுவத்தில் ராகி அரைத்த திருகை. எல்லாம் கருத்துப்போய், அண்டாவின் கழுத்தில் பச்சையாகக் களிம்பு வேறு.

கேள்விகள் இவைதான். பித்தளையை எதைப் போட்டுத் தேய்ப்பது? என்ன செடி, என்ன தழை வைத்தால் இந்தப் பனிக்குத் தாங்கும்? வாசலுக்கு நேரே தெருவிளக்கு இருப்பதால் ராத்திரி வெளிச்சத்துக்குக் குறைவில்லை. செலவு மூவாயிரத்துக்குள் முடிய வேண்டும். அம்மாவோ "காலிப் பாத்திரத்தைக் கொண்டுபோய் வாசலில் வைப்பார்களா, ஊர் சிரிக்கும்" என்கிறார். அப்புறம் எங்கள் கொல்லைக்காட்டு வரப்பில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைக்கல் சாய்ந்து கிடக்கிறது, ஒரு ஆள் வில்லோடு நிற்கிற மாதிரி செதுக்கியிருக்கும். அதைக் கழுவித் திண்ணை ஓரம் நிறுத்தினால் அமர்க்களமாக இருக்கும் என்று தோன்றுகிறது. சொல்லுங்கள்.

பாலக்கோடு பெரியம்மா

பாத்திரத்துக்கு மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும். புளி நம் மாவட்டங்களில் காய்த்துக் கொட்டுகிறது, பழம்புளி ஒரு உருண்டையை எடுத்துக் கெட்டியாகக் கரைத்துக் கல் உப்பு ஒரு கைப்பிடி போட்டுக்கொள். அண்டா முழுக்கப் பூசிக் கால் மணி நேரம் விட்டுத் தேங்காய் நாரால் தேய். முதலில் ரோஸ் மாதிரி ஒரு நிறம் வரும், பயப்படாதே, சாம்பலோ சபீனாவோ போட்டு இன்னொரு முறை தேய்த்தால் மஞ்சள் வந்துவிடும். களிம்பு இருக்கிற கழுத்தில் எலுமிச்சை மூடியை உப்பில் தொட்டுத் தொட்டுத் தேய்.

இதில் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. தேய்த்த பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசவேண்டும், அலசின கையோடு துணியால் துடைத்து வெயிலில் கவிழ்க்க வேண்டும். புளிப்பு ஒரு சொட்டு தங்கினாலும் இரண்டே நாளில் மறுபடி பச்சை பூத்துவிடும், மார்கழிப் பனி ஈரத்தில் கேட்கவே வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லிசாகத் தடவிவை, பளபளப்பு இன்னும் கொஞ்ச நாள் நிற்கும்.

இந்த வேலையைத் திண்ணையில் வைத்துச் செய்யாதே கண்ணு. என் மகள் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு தேய்க்கிறேன் என்று சிவப்பு சிமெண்ட் மேலேயே புளியைக் கொட்டிவிட்டேன், சிமெண்டைப் புளி அரித்து வட்டமாக வெளுத்துப்போனது. இருபது வருஷமாக அந்த வட்டத்தின் மேல் பாய் போட்டு மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காலியாக வைக்காதே, அவ்வளவுதானே? மரக்காலில் ராகியைக் கோபுரமாகக் குவி. செப்புக் குடத்தில் தண்ணீர் ஊற்றி மாவிலையும் கோழிக்கொண்டைப் பூவும் சொருகு. நிறைகுடத்தைப் பார்த்து யார் சிரிக்கப் போகிறார்கள்!

பெங்களூரா மாந்தோப்பு

மாவிலை என்று எழுதியதைப் பார்த்ததும் பதறிக்கொண்டு வந்தேன். தயவுசெய்து மார்கழியில் மாமரத்தின் கிளை நுனியை ஒடிக்காதீர்கள். நம் கிருஷ்ணகிரிப் பக்கம் டிசம்பர் கடைசி, ஜனவரியில்தான் பூ தள்ளும், அது வருவதே நுனி மொட்டிலிருந்துதான். கொத்தோடு நுனியை ஒடித்துத் தோரணம் கட்டினால் கோடையில் அந்த இடத்தில் காய் இருக்காது. போன வருஷம் ஒரு கல்யாணக் கோஷ்டி கேட்காமல் கொள்ளாமல் ரோட்டோர மரங்களை மொட்டையடித்துவிட்டுப் போனது, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. மரத்தின் உள்பக்கம், நிழலில் இருக்கிற முற்றின கரும்பச்சை இலையாகப் பார்த்து ஒற்றை ஒற்றையாகக் கிள்ளுங்கள். தளிரைவிட முற்றின இலைதான் தோரணத்தில் தாங்கும், தளிர் மதியத்துக்குள் துவண்டுவிடும்.

பைன் இலை மாதிரியே வேண்டும் என்றால் சவுக்குக் கிளை. எலத்தகிரியில் எங்கள் தெரிந்தவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு அதில்தான் மரம் ஜோடிப்பார்கள், மேலே நட்சத்திரம் தொங்கும். ஊசி ஊசியாகத் தொங்குவது தூரத்துக்குப் பைன் போலத்தான் தெரியும். நாலைந்து நாளில் பழுத்து உதிர ஆரம்பிக்கும், கூட்டிக்கொண்டே இருக்கவேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

பழைய சாமான் இன்னும் தேவையென்றால் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை மாட்டுச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மாட்டுக் கழுத்துமணி, சலங்கை, மூக்கணாங்கயிறு எல்லாம் கிடைக்கும். கழுத்துமணி நாலைக் கயிற்றில் வரிசையாகக் கோத்து வாசல்கால் ஓரம் தொங்கவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் சத்தம் கேட்கும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் பெரிய சந்தைதான், முறம், கூடை, பானைக்கு அங்கே போகலாம்.

தளி செடிக்காரன்

அக்கா, வாசல் வடக்கு என்கிறீர்கள், அங்கேதான் முதல் சிக்கல். டிசம்பர், ஜனவரியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகும், உங்கள் திண்ணையில் நேர் வெயில் துளி விழாது. அதனால் திண்ணைமேல் நிரந்தரமாக இருப்பது நிழல் செடியாக இருக்கட்டும், மணி பிளாண்ட், பெரணி மாதிரி. தவலையில் நேராக மண் போட்டு நடாதீர்கள், அடியில் ஓட்டை கிடையாது, வேர் அழுகும், பித்தளையும் பாழ். பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே இறக்கிவையுங்கள், அடியில் ஒரு செங்கல் வைத்தால் வடிந்த தண்ணீரில் தொட்டி நிற்காது. பூச்செடியைப் பகலில் தெற்குப் பக்கம், கொல்லையில் வெயிலில் வைத்திருந்து, விருந்தாள் வருகிற நாளில் முன்னால் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது சிக்கல் அந்தத் தெருவிளக்கு. நீங்கள் அதை வசதி என்கிறீர்கள், சாமந்திக்கு அது எமன். சாமந்தி ராத்திரி நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்கும். இடையில் வெளிச்சம் பட்டால் இன்னும் பொழுது நீளமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். நம் பக்கம் சாமந்தித் தோட்டத்தில் ராத்திரியில் வரிசையாகப் பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்களே, பூவைத் தள்ளிப்போட்டு விலை கிடைக்கிற சமயத்துக்குப் பறிக்கத்தான் அது. ஆகவே குட்டிச் செடியாக வாங்கித் தெருவிளக்கின் கீழ் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று நர்சரிக்காரனைத் திட்டாதீர்கள். மொட்டு நிறம் காட்டின செடியாகப் பார்த்து வாங்குங்கள், அது எந்த விளக்கு இருந்தாலும் விரிந்துவிடும். சிவப்பு இலை வருகிற கிறிஸ்துமஸ் செடிக்கும் இதே கதைதான், அதையும் நிறம் வந்த பிறகு வாங்கவேண்டும். அதை ஒடித்தால் பால் வரும், கண்ணில் கையை வைக்காதீர்கள்.

இதையெல்லாம்விட நம் ஊர்க் குளிருக்கென்றே இருப்பது டிசம்பர் பூ. ஊதா, வெள்ளை, இரண்டும் கலந்து கோடு போட்டது என்று வரும். வாசனை கிடையாது, ஆனால் காலையில் பனி படிந்து நிற்கும்போது ஒரு தரம் பாருங்கள். பக்கத்து வீட்டில் இருந்தால் கேட்டு வாங்கி அடுத்த மழைக்குக் குச்சி நட்டுக்கொள்ளலாம், காசே வேண்டாம்.

உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்கவிடுகிற யோசனை இருந்தால் தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும்.

தகடூர் வாத்தியார்

அம்மா, அந்தக் கல்லை மட்டும் தொடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நடுகல். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டோ ஊரைக் காக்கப்போயோ செத்தவனுக்காக நட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இது நிறைய உண்டு, பல ஊரில் வேடியப்பன் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வரப்புக் கல்லுக்கும் யாராவது வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்கிறார்களா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

1972-ம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் தொல்பொருள், அலங்காரச் சாமான் கிடையாது. ஆள் உருவத்துக்கு மேலே வரிவரியாக எழுத்து இருக்கிறதா என்று வெயில் சாய்கிற நேரத்தில் பாருங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் பள்ளம் தெரியும். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவாமல் அப்படியே போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.விடமோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ காட்டுங்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள், ஒரு தரம் போய்வந்தால் உங்களுடையது எந்த மாதிரி என்று உங்களுக்கே ஒரு பிடி கிடைக்கும்.

திருகையைத் தாராளமாக வையுங்கள். அது உங்கள் பாட்டியின் கல்.

காரிமங்கலத்தான்

எல்லோரும் நல்லாத்தான் சொல்கிறார்கள், ஆனால் இத்தனையையும் திண்ணையில் ஏற்றினால் உட்காருவது எங்கே? எங்கள் மாமா வீட்டில் இப்படித்தான் வண்டிச்சக்கரம், உரல், பீரங்கி மாதிரி ஒரு ஜாடி எல்லாம் அடுக்கினார்கள், இப்போது தபால்காரர் கூட நின்றுகொண்டே கையெழுத்து வாங்குகிறார். ஒரு திண்ணை சாமானுக்கு, ஒரு திண்ணை மனுஷனுக்கு என்று பிரித்துவிடுங்கள். அண்டாவும் திருகையும் தரையில், தூண் பக்கம். கனமானது கீழே இருந்தால் குழந்தைகள் இழுத்துத் தள்ளவும் மாட்டார்கள்.

பனி மாதிரி வெள்ளையாக எதுவும் இல்லையே என்று கவலை வேண்டாம், பூளைப்பூ இருக்கிறது. சிறுபீளை என்பார்களே, போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுவோமே, அதுதான். வரப்பிலும் தரிசிலும் தானாக முளைத்துக் கிடக்கும். காய்ந்தாலும் வெள்ளை மாறாது, உதிராது. ஒரு கத்தை அறுத்துவந்து தவலையில் சொருகினால் பொங்கல் தாண்டியும் அப்படியே நிற்கும். இதற்குத் தண்ணீரும் வேண்டாம், கொசுவும் வராது.

ராகி அறுப்பு நடக்கிற காட்டில் கேட்டு ஒரு பிடி கதிர் வாங்கி, தலைகீழாகக் கட்டி இறவாணத்தில் தொங்கவிடுங்கள். குருவி வரும். அணிலும் வரும், கீழே உமி கொட்டும், கூட்டுங்கள்.

வாசலில் சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ வைப்பீர்கள்தானே? ஆண்பூவாகப் பறியுங்கள். காம்பு நீளமாக, மெல்லிசாக இருப்பது ஆண்பூ. பூவுக்கடியில் குண்டுமணி மாதிரி ஒரு பிஞ்சு இருந்தால் அது பெண்பூ, அதைப் பறித்தால் பூசணிக்காய் போச்சு. அரிக்கேனுக்கு மண்ணெண்ணெய் தேடி அலையாமல் பேட்டரி பல்பு ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள். சீரியல் பல்பு போட்டால் இணைப்பு பனியில் நனையாத இடமாகப் பாருங்கள்.

ஓட்டுவீட்டுக்காரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பெரியம்மா சொன்னபடி கொல்லையில் வைத்துத்தான் தேய்த்தேன். ரோஸ் நிறம் வந்ததும் நிஜமாகவே பயந்துவிட்டேன். சத்தம் கேட்டு வந்த அம்மா "இப்படியா தேய்ப்பார்கள், நகரு" என்று நாரைப் பிடுங்கி, அண்டாவைத் தானே முடித்தார். கழுத்தில் களிம்பு போன இடத்தில் பாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது, வாங்கினபோது கடையிலேயே வெட்டிக் கொடுத்தார்களாம். இப்போது அந்தப் பெயர் தெருவைப் பார்த்து இருக்கவேண்டும் என்று அம்மா அண்டாவைத் தினமும் திருப்பித் திருப்பி வைக்கிறார்.

வாத்தியார் சார், கல்லைப் பற்றிக் கேட்டேன். மேலக்காட்டுப் பங்காளிகள் தை மாதம் அங்கே பொங்கல் வைக்கிறார்களாம், எனக்குத்தான் தெரியவில்லை. போட்டோ எடுத்துவிட்டேன், மூன்று வரி எழுத்து மாதிரி ஏதோ இருக்கிறது. திங்கட்கிழமை வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போகிறேன்.

இடது திண்ணையில் சாமான், வலது திண்ணை காலி. இதுவரை ஆயிரத்து நானூறு ஆகியிருக்கிறது, அதில் பாதி கழுத்துமணிக்கு. மணியைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுத் தாத்தா மாடு வாங்கிவிட்டோமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

தளித் தம்பி, ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டு டிசம்பர் பூ செடியிலிருந்து அந்த அக்கா இப்போதே நாலு குச்சி வெட்டிக் கொடுத்துவிட்டார். மழைக்கு இன்னும் மாசக்கணக்கு இருக்கிறது, நிழலில் தொட்டியில் நட்டுப் பார்க்கலாமா?