பாத்ரூம் கொட்டேஷன் அனுபவங்கள்: டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனவர்

இரண்டாம்மாடி:
மடிப்பாக்கம், பழைய ஃபிளாட், பாத்ரூம் எட்டுக்கு ஐந்து. கீழ் வீட்டு சீலிங்கில் ஓதம், அசோசியேஷன் மீட்டிங், மாடிப்படியில் முறைப்பு. இதெல்லாம் உங்களுக்கே தெரிந்த கதை. மூன்று பேரைக் கூப்பிட்டேன். முதல் ஆள் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு 72,000 என்றார். அடுத்தவர் போனில் டிசைன் படமெல்லாம் காட்டி 1,90,000. மூன்றாவது, வயதான ஒரு மேஸ்திரி. அவர் மட்டும்தான் "கீழ் வீட்டை ஒருதரம் பாக்கலாமா சார்" என்று கேட்டார். அங்கே ஸ்டூல் போட்டு ஏறி, கறையைக் கையால் தடவிப் பார்த்தார். மேலே வந்து ஒரு ரூபாய்க் காசால் தரை டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனார். டாய்லெட் பக்கத்தில் சத்தம் பொக்கென்று மாறியது. எனக்கே கேட்டது.

மறுநாள் கோடு போட்ட தாளில் எழுதிக் கொடுத்தார். 1,18,000. அதில் ஒரு வரி: "பள்ளம் முழுசா தோண்டி, வாட்டர்ப்ரூஃப் அடிச்சு, 3 நாள் தண்ணி கட்டிப் பாக்கணும்." பள்ளம் என்றால் பாத்ரூம் தரைக்கு அடியில் பைப் போக விட்டிருக்கும் இடம்.

நான் என்னைப் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டு, "இன்னொருத்தர் 72க்கு முடிக்கிறேன்னு சொல்றார். நீங்க அந்த 3 நாள் தண்ணியை எல்லாம் எடுத்துட்டு 85ன்னு போடுங்க, இப்பவே அட்வான்ஸ் தரேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. தரையில் கிடந்த டேப்பை எடுத்து, ஈரமான முனையை வேட்டியில் துடைத்தார். விர்ரென்று ஓடிவிடாமல் கட்டைவிரலால் பிடித்துப் பிடித்து மெதுவாக உள்ளே விட்டார். "அப்ப அவரையே வச்சு செஞ்சுக்குங்க சார். நல்லபடியா வரும்." அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

72,000 ஆள் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போனார். எட்டு மாதம் ஆகிறது. கீழே அதே இடத்தில் அதே கறை.

உறையூர்க்காரி:
எங்களுக்கும் எட்டுக்கு ஐந்துதான். டைல்ஸ் ஒட்ட சதுர அடிக் கூலி ஒருவர் 52, ஒருவர் 45. யாரைப் பிடித்திருப்போம்? கடைசியில் சுவர் மட்டும் 208 சதுர அடி என்று பில் வந்தது. டைல்ஸ் ஏறியிருப்பதோ ஏழடி வரைதான். ஆறாவது படிக்கும் என் பையன் நோட்டை எடுத்துவந்து அவர் எதிரிலேயே போட்டான். சுற்றளவு 26, ஏழால் பெருக்கினால் 182, வாசல் இரண்டரைக்கு ஏழு கழித்தால் 164.5. மேஸ்திரி எட்டடிக்குக் கணக்குப் போட்டு, வாசலையும் விடாமல் சேர்த்திருக்கிறார். "வாசல் ஓரத்துல கட்டிங் வேலை இருக்குல்லக்கா, அதுக்கு இது சரியாப் போச்சு" என்றார். பையனின் நோட்டை வாங்கிப் பார்த்து, "தம்பி கணக்குல புலி" என்று முதுகில் தட்டினார். பத்து பைசா குறைக்கவில்லை. 52 ரூபாய் ஆள் சரியாக அளந்திருந்தால் 8,554. நான் கொடுத்தது 9,360.

சைட்டுஇன்ஜினியர்:
என் மாமனார் வீட்டிலும் இப்படி ஆனது, அதை விடுங்கள். இரண்டாம்மாடி, தப்பு உங்களுடையது. 72-ம் 1,18-ம் 1,90-ம் ஒரே வேலைக்கான விலையே இல்லை, அப்புறம் எப்படி ஒப்பிட்டீர்கள்? நீங்களே ஒரு தாளில் எழுதி மூன்று பேருக்கும் அதையே கொடுத்திருக்க வேண்டும். பழைய டைல்ஸும் பூச்சும் இடிப்பது யார், ரப்பிஷை மூட்டை கட்டிக் கீழே இறக்கி வண்டி ஏற்றுவது யார் என்பதில் ஆரம்பியுங்கள். மாடி வீட்டில் சண்டை முளைப்பதே அங்கேதான். பள்ளத்தில் கிடக்கும் பழைய செங்கல் ஜல்லியை எடுக்கிறாரா, மேலாக ஒரு கோட்டிங் மட்டுமா? பைப் முழுக்கப் புது சிபிவிசியா (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்), குழாய் முனை மட்டும் மாற்றுகிறாரா? சுவரை மூடும் முன் பைப்புக்குப் பிரஷர் டெஸ்ட் உண்டா? டைல்ஸ் நீங்கள் வாங்கித் தருவதா, அவர் வாங்குவதா? அவர் என்றால் சதுர அடி என்ன விலைக்கு உள்ள டைல்ஸ் என்று எழுதி வாங்குங்கள். வேஸ்டேஜுக்குப் பத்து சதவீதம் கூடுதல் போதும், இருபது கேட்டால் ஏன் என்று கேளுங்கள். தரைக்கு 2x2 ஆசைப்படாதீர்கள். வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) எடுக்க அதைக் குறுக்கே வெட்ட வேண்டிவரும். 1x1 ஆன்டி ஸ்கிட் வாங்குங்கள். வாட்டம் எட்டடிக்கு ஒரு இன்ச்சாவது இருக்க வேண்டும், ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள், ஒரு வாளி தண்ணீர் ஊற்றியும் பாருங்கள். நானி ட்ராப்பை, அதாவது தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை, அடைத்துவிட்டு 48 மணி நேரமாவது தண்ணீர் நின்று, கீழே ஒரு சொட்டும் வராத பிறகுதான் டைல்ஸுக்கான பணம். அந்த மேஸ்திரி 3 நாள் கேட்டாரே, அவருக்கு வேலை தெரியும். பேரம் பேசுவதாக இருந்தால் கமோட் பிராண்டில் பேசுங்கள், குழாயில் பேசுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போவதில் பேசாதீர்கள்.



கொத்தனார்மகன்:
இன்ஜினியர் சார், ஒரே தாளை மூன்று பேருக்குக் கொடுங்கள் என்று எழுதிவிட்டீர்கள். அந்தத் தாள் யார் உழைப்பு என்று தெரியுமா? என் அப்பா டைல்ஸ் மேஸ்திரி. ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் அரை நாள் போச்சு, பெட்ரோல் அவர் காசு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு என் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து மணிக்கணக்கில் எழுதுவார். ஒருமுறை ஒரு வீட்டுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். பதிலே இல்லை. பத்து நாள் கழித்து டீக்கடையில் வேறு ஒரு மேஸ்திரி, "இந்த லிஸ்ட்டை ஒரு பார்ட்டி அனுப்பிச்சு இதுக்குக் கம்மியா போடச் சொல்றாங்கண்ணே, ஸ்லாப்புக்கு எவ்வளவு போடலாம்?" என்று போனை நீட்டியிருக்கிறார். பார்த்தால் அப்பாவின் கையெழுத்து. 'ஷவர்' என்பதை எப்போதும் 'சவறு' என்றுதான் எழுதுவார். அதுவும் அப்படியே இருந்தது. மேலே இருந்த அவர் பெயரையும் நம்பரையும் மட்டும் பேனாவால் அடித்திருந்தார்கள்.

அப்பா அதைச் சிரித்துக்கொண்டேதான் வீட்டில் சொன்னார். அதற்குப் பிறகு யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை, வாயால் ஒரு ரேட் சொல்வதோடு சரி. "மேஸ்திரிங்க எழுதித் தர மாட்டேங்கிறாங்க" என்று இங்கே அடுத்து யாராவது புலம்புவீர்கள், அதற்காகச் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:
என் கதை ஜி.எஸ்.டி. வேலை 1,40,000, கீழே 18 சதவீதம் 25,200, மொத்தம் 1,65,200 என்று பளபளப்பான கொட்டேஷன். ஜி.எஸ்.டி. நம்பரை மட்டும் காணோம். கேட்டதும் வாட்ஸப்பில் வந்தது. எண்ணினால் 14 எழுத்து. 15 இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் ஆரம்பிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பார்க்கக் காசு கிடையாது. "சார், ஒண்ணு குறையுதே" என்றேன். மூச்சுகூட விடாமல், "அப்ப ஜி.எஸ்.டி. இல்லாமலே பண்ணிக்கலாம் சார்" என்றார். 25,200 ரூபாயை இவ்வளவு சீக்கிரம் நான் குறைத்ததே இல்லை. பயந்துபோய் அவருக்கு வேலையைக் கொடுக்கவில்லை.

வருடத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே வேலை எடுக்கும் சின்ன மேஸ்திரிகள் பதிவே செய்ய வேண்டாம். அவர்களிடம் போய் நம்பர் எங்கே என்று மிரட்டாதீர்கள். பதிவில்லாதவர் வரி என்று கேட்டால் மட்டும் கேளுங்கள்.

பெரம்பூர்அம்மு:
நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் நான் எது கேட்டாலும் "சார் வரட்டும் மேடம்" என்றார்கள். வாஷ்பேசின் எவ்வளவு உயரத்தில் வரும் என்பதற்குக்கூட சார் வரணுமாம். "சார் துபாய்ல இருக்காருங்க, ஜனவரி ஆகும். அதுவரைக்கும் நிக்கிறீங்களா?" என்றேன். நான்காவது பையன் டேப்பின் முனையை என் கையில் கொடுத்து, "இதை அந்த மூலையில பிடிங்கக்கா" என்றான். 9,000 அதிகம். அவனுக்கே கொடுத்தேன். வேலை சுமார்தான், மூலையில் ஒரு டைல்ஸ் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இருந்தாலும்.

சைட்டுஇன்ஜினியர்:
கொத்தனார்மகன், தாளை வீட்டுக்காரரே எழுத வேண்டும் என்றுதான் சொன்னேன். திரும்பப் படியுங்கள்.

கொத்தனார்மகன்:
படித்தேன் சார். பள்ளத்தில் செங்கல் ஜல்லி கிடப்பது எந்த வீட்டுக்காரருக்குத் தெரியும்? யாராவது மேஸ்திரி வந்து சொன்னால்தானே எழுதுவார்?

இரண்டாம்மாடி:
இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று அந்த மேஸ்திரிக்குப் போன் போட்டேன். பெயர் சொன்னேன், தெரியவில்லை. "ரெண்டாவது மாடி, காசு வச்சுத் தட்டிப் பாத்தீங்களே" என்றதும் ஞாபகம் வந்துவிட்டது. நான் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன், அவர் காதில் வாங்கவில்லை. "கீழ் வீட்டுல பெயின்ட் அடிச்சுட்டாங்களா? அடிக்க வேணாம்னு சொல்லுங்க சார், கறை எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கணும்" என்றார். ஞாயிறு காலை வருகிறார். இப்போது இரண்டு அடுக்கு டைல்ஸையும் உடைக்க வேண்டும். எவ்வளவு ஆகும் என்று கேட்க வாய் வரவில்லை.

உறையூர்க்காரி:
ஞாயிறு என்ன ரேட் சொன்னார் என்று மறக்காமல் போடுங்கள். வாசலைக் கழித்து அளக்கிறாரா என்றும் பாருங்கள்.